ஏனம்

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பன்றி வருகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிர்ப்பட்ட மற்றொரு பாணனைத் தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்தும்போது, எந்தெந்த நிலத்தில் என்னென்ன உண்ணக் கிடைக்கும் என்பதை வரிசையாகச் சொல்லிச் செல்கிறான். கடற்கரைப் பட்டினத்தை அடைந்ததும் கள் சமைக்கும் மகளிரின் வீடுகள் காட்டப்படுகின்றன. வட்டில் கழுவிய நீர் வழிந்து முற்றம் சேறாகிக் கிடக்கிறது. அச்சேற்றில் குட்டிகளும் பெட்டைகளும் புரள, ஆண் பன்றி ஒன்று மட்டும் அவற்றோடு சேரவிடாமல் குழியில் தனியே நிறுத்தப்பட்டு, நெல்லை இடித்த மாவைப் பல நாள் தின்று கொழுத்திருக்கிறது. அதன் தசையும் நறவும் பாணனுக்குக் கிடைக்கும் என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். சில அடிகள்தாம். ஆனால் தீவனம், இருப்பிடம், வளர்ப்பு முறை, விருந்து என ஒரு தொழிலே அவற்றுக்குள் அடங்கிவிடுகிறது.

இப்பகுதியை வகுப்பில் நாங்கள் படிக்கும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு எழும். உடும்புக்கும் மானுக்கும் எழாத சிரிப்பு அது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு இறைச்சியைத் தின்று தின்று பொருநனின் பற்கள் கொழுமுனைபோல் தேய்ந்ததைப் படிக்கையில் வகுப்பு முழுவதும் ஒரு பெருமிதம் பரவுவதுண்டு. பன்றி வந்ததும் சிரிப்பாகிவிடும். அச்சிரிப்பு யாரை நோக்கிச் செல்கிறது என்பது இவ்வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒருமுறை சிரிப்பு எழுந்தபோது, அதில் கலந்துகொள்ளாத மாணவர் ஒருவர் எழுந்து நின்றார்.

"ஐயா, பொட்டையோட திரியிற ஆம்பளப் பன்னியோட கறி வாடையடிக்கும். அதுக்குத்தான் பிரிச்சு வச்சிருக்காங்க. எங்க வீட்டுலயும் தவிடு வச்சுத் தனிப் பட்டியிலதான் போடுவோம்."

வகுப்பு அமைதியாயிற்று. காயடிக்கப்படாத, வளர்ந்த ஆண் பன்றியின் கொழுப்பில் ஒரு வாடை ஏறும் என்பதையும், ஆண்ட்ரோஸ்டீனோன், ஸ்கேடோல் என்னும் இரு பொருள்களே அதற்குக் காரணம் என்பதையும் இன்றைய கால்நடை அறிவியல் சொல்கிறது. பண்ணைகளில் ஆண் குட்டிகளுக்கு இளமையிலேயே காயடிப்பது இதனால்தான். உரைநூலின் ஓரத்தில் அந்த மாணவரின் விளக்கத்தை எழுதி வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் ஆண்டும் அவ்விளக்கத்தோடுதான் அவ்வடிகள் எங்கள் வகுப்பில் நடத்தப்படுகின்றன.

நிற்க. இக்கட்டுரை பெரும்பாணாற்றுப்படையைப் பற்றியதன்று. பன்றியின் விலா எலும்புக் கறியைச் சீனர் செய்வதுபோல் ஆவியில் அவித்து ராஜபாளையத்து வீடொன்றில் உண்ட கதையைச் சொல்லவே தொடங்கினோம். ஆயினும் அந்த மாணவர் வழியாகத்தான் கறி வாங்கும் இடமும் எங்களுக்குத் தெரிய வந்தது என்பதால், அவரை விட்டுவிட்டு இதைச் சொல்ல இயலாது.

சிவகாசியில் அச்சுத் தொழில் செய்யும் மைத்துனர் ஒருவர் எங்களுக்கு உண்டு. இயந்திரம் பார்ப்பதற்காகக் குவாங்சோ நகருக்குச் சென்று வருவார். 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை அங்கே நடைபெறும் வணிகச் சந்தைக்கு நம் பக்கத்து வணிகர்கள் செல்வது இப்போது வியப்புக்குரிய செய்தியன்று. அங்கிருந்து அவர் ஒருமுறை கொண்டுவந்தது ஒரு பொட்டலம் கறுப்பு அவரை. சோயா அவரையை அவித்து, பூஞ்சணம் ஏற்றி, உப்பிட்டு நொதிக்கவைத்து உலர்த்தியது; சீனர் அதை 'தௌச்சி' என்பர். சாங்ஷா நகரை அடுத்த மாவாங்துயியில் 1970களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த ஹான் காலக் கல்லறையில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இவ்வவரை கிடைத்திருக்கிறது. நம் கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் இடைப்பட்ட ஒரு மணம். முதல்முறை நுகர்பவர் முகம் சுளிப்பர்; இரண்டாம் முறை நாவூறும்.

மைத்துனர் அங்கே இருவகை விலாக் கறியை உண்டு வந்து வருணித்தார். ஒன்று கான்டன் பகுதித் தேநீர்க் கடைகளில் சிறு மூங்கில் கூடைகளில் வைத்துத் தருவது. விரற்கடை அளவுக்கு நறுக்கிய எலும்புத் துண்டுகளைக் கறுப்பு அவரை, பூண்டு, இஞ்சி, சோயாச் சாறு, சிறிது சீனி, மாவு சேர்த்துப் பிசறிக் கடும் ஆவியில் கால்மணி முதல் இருபது நிமிடம் வரை வைத்து எடுப்பார்கள். மற்றொன்று சிச்சுவான், ஹூபெய் முதலிய உள்நாட்டு மாகாணங்களுக்கு உரியது. இதில் அரிசியை வெறுஞ்சட்டியில் வறுத்து, ரவையாக உடைத்து, ஊறிய கறியின்மேல் புரட்டி, கிழங்குத் துண்டுகளின்மீது பரப்பி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவிப்பர். இரண்டாவதைக் கேட்டதும் எங்களுக்குப் பெரும்பாணாற்றுப்படையின் குழிப் பன்றி நினைவுக்கு வந்தது. நெல்மாவை அங்கே உயிரோடிருக்கும் பன்றிக்கு ஊட்டினார்கள். சீனத்தில் அரிசி மாவைக் கறிக்குப் பூசுகிறார்கள். இரண்டும் வேறு வேறு நோக்கமுடையவை என்று அறிவு சொன்னாலும், செய்து பார்க்காமல் இருக்க இயலவில்லை.

எங்கள் வட்டாரத்துச் சொற்களில் சீனம் கொஞ்சநஞ்சமல்ல. சீனச்சட்டி, சீனவெடி, சீனி, சீனியவரை, சர்க்கரைவள்ளிக்குப் பெயராகச் சீனிக்கிழங்கு. (கிழங்கு அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது என்பது வேறு கதை.) இத்தனை சீனத்தை அன்றாடம் வாயில் வைத்துக்கொண்டிருந்தும், 'சைனீஸ்' என்றால் நமக்குத் தோன்றுவதெல்லாம் மாலையில் தள்ளுவண்டியில் பெருந்தீயில் குலுக்கப்படும் ஃபிரைடு ரைஸ்தான். சீனத்து வீட்டடுப்பில் ஆவிக்கு உள்ள இடம் பலருக்குத் தெரியாது. இட்லியும் புட்டும் கொழுக்கட்டையும் இடியாப்பமும் உண்ணும் நமக்கு அது தெரியாமல் போனது விந்தை. நாம் மாவை அவிக்கிறோம், கிழங்கை அவிக்கிறோம். கறியை மட்டும் குழம்பாகவோ வறுவலாகவோதான் அறிவோம்.

அதிலும் பன்றிக்கறி நம் பக்கத்தில் சமைக்கப்படும் விதத்தை நினைத்துப் பார்க்கலாம். மிளகும் மிளகாயும் மசாலையும் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு. காரம் நன்று, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தக் காரத்தில் பாதி சுவைக்கு, பாதி மறைப்புக்கு என்றே தோன்றும். கறி விற்கும் இடத்திலேயே மறைப்பு தொடங்கிவிடுகிறது. 'வெண்பன்றி இறைச்சி' என்று தெளிவாக எழுதிய பலகைகள் இப்போது உண்டு என்றாலும், 'போர்க்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நிழலில் ஒதுங்குபவையே மிகுதி. ஆட்டுக்கறியை வெள்ளைப் பையில் தொங்கவிட்டுக் கொண்டுபோனவர்கள் பன்றிக்கறிக்குக் கறுப்புப் பை கேட்டு வாங்கியதைக் கண்டிருக்கிறோம். 2019இல் நெகிழிப் பைகளுக்குத் தடை வந்தபின் தூக்குவாளி கொண்டுவருகிறார்கள். மூடி இறுக்கமாக இருக்கிறது. யாரேனும் கேட்டுவிட்டால் 'மூலத்துக்கு மருந்து' என்பது ஆயத்தமான விடை. மருந்தென்று சொல்லிவிட்டால் அது உணவில்லை அல்லவா!

தமிழ் இலக்கியம் இத்தனை கூச்சப்பட்டதில்லை. களிறு என்னும் பெயர் யானைக்கே சிறந்ததெனினும் பன்றிக்கும் விலக்கில்லை என்கிறது தொல்காப்பிய மரபியல். நாய், புலி, முயலோடு பன்றியின் குட்டிக்கும் 'குருளை' என்னும் அழகிய பெயரைத் தருவதும் அதுவே. பெரியபுராணத்துக் கண்ணப்பர் குடுமித்தேவருக்குப் படைத்தது தாம் துரத்திக் கொன்ற பன்றியின் இறைச்சி. தீயில் வதக்கி, பதம் பார்த்து, நல்லனவற்றைத் தேர்ந்து வைத்த அவரினும் அன்புடைய சமையற்காரர் நம் மரபில் வேறொருவர் இல்லை. மதுரையில் சிவபெருமானே தாய்ப் பன்றியாகி, தாயிழந்த குட்டிகளுக்கு முலை கொடுத்ததாகப் பரஞ்சோதி முனிவர் பாடுகிறார். இங்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தலபுராணம் வராக க்ஷேத்திரம் என்கிறது. அவ்வூரில் பிறந்த ஆண்டாள், நிலமகளுக்காகக் குளியாத அழுக்குடம்போடு வெட்கமின்றிப் பன்றி வடிவெடுத்தவன் என்று அரங்கனை நாச்சியார் திருமொழியில் ஏசுகிறாள். காதலியின் ஏச்சு அது. அதிலும் பன்றி இருக்கிறது.

ராஜபாளையத்துக்கும் பன்றிக்கும் உள்ள உறவு இன்னும் நேரடியானது. இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய வெள்ளை நாய், காட்டுப்பன்றி வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்து நாயும் அவற்றுள் ஒன்று. வேட்டை முடிந்துபோன கதை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. மேற்கே தெரியும் மலை 1988இல் சாம்பல் அணில் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அது நல்லதே. ஆனால் பன்றியைத் துரத்திய நாய்க்கு உள்ள மதிப்பில் ஒரு சிறு பங்குகூடப் பன்றி வளர்ப்பவர்க்கு இவ்வூர்களில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். தடை அங்கேதான் காத்திருந்தது. சீனத்து மூங்கில் கூடைக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே மாற்று இட்லிக் கொப்பரை. அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள்.

"இட்லி ஏனத்துலயா? வேற சட்டியே இல்லையாக்கும் இந்த வீட்டுல!"

'ஏனம்' என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் பாத்திரம். பழைய இலக்கியத்தில் அதே சொல்லுக்குப் பன்றி என்று பொருள். வேர் வேறாயினும் ஓசை ஒன்று. ஏனத்தில் ஏனத்தை அவிக்கலாமா என்பதுதான் வழக்கு என்று சொல்லிப் பார்த்தோம். தமிழ் படித்தவர்களின் வேடிக்கைக்கு அம்மா மயங்கவில்லை. கொப்பரையின் தூய்மைக்காக அவர்கள் வாதிட்டபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஏழாம் நூற்றாண்டில் இங்கே வந்த யுவான் சுவாங், இந்நாட்டாரிடம் ஆவியில் அவிக்கும் கலம் இல்லை என்று எழுதியிருப்பதைக் காட்டி, இட்லி அவிக்கும் முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என உணவு வரலாற்றறிஞர் கே.டி. அச்சயா ஊகித்தார். ஊகம் சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். ஆனால் கொப்பரையே கடல் கடந்து வந்த விருந்தாளியாக இருக்கும் வாய்ப்பு உண்டென்பதை அம்மாவிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

அம்மா பன்றிக்கறி உண்ணாதவர்கள் அல்லர். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பிறந்தவர்கள். குலதெய்வக் கொடையில் பன்றி வெட்டி, ஆண்களே ஊருக்கு வெளியே மண்பானையில் சமைத்து, அங்கேயே உண்டு, பானையை அங்கேயே உடைத்துவிட்டு வருவார்களாம். வீட்டுக்குள் ஒரு துண்டும் வராது. பிழைப்புக்காக டவுனுக்குக் குடிவந்தபின் அதுவும் நின்றது. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடங்களில் முதற்கேள்வி என்னவாக இருந்தது என்பதை அவர்கள் ஒருமுறைதான் சொன்னார்கள்; இரண்டாம் முறை கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளாக ஒரே விடையைச் சொல்லிச் சொல்லி, விடை உண்மையாகவே ஆகிவிட்டது. இப்போது இருப்பது சொந்த வீடு. கேட்பார் இல்லை. ஆயினும் கேள்வி வீட்டுக்குள் குடியிருந்தது.

நாங்கள் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மாவே பரணிலிருந்து பழைய அலுமினியக் கொப்பரை ஒன்றை இறக்கித் துலக்கி வைத்திருந்தார்கள். ஓரம் நசுங்கி மூடி சரியாக உட்காராது. "இத வேணா எடுத்துக்கங்க. அத எடுக்காதீக" என்றார்கள். மூடியைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் ஆவி வெளியேறாது என்பதும் அவர்கள் சொன்னதே.

ஞாயிறு காலை கறி வாங்கினோம். விலா எலும்பு என்றதும் கடைக்காரர், இளம் பன்றியின் மார்புப் பக்கத்தில் கொழுப்பும் கறியும் மாறி மாறி வரும் இடத்தைத் தேர்ந்து, ஓரங்குலத் துண்டுகளாக வெட்டித் தந்தார். ஒரு கிலோ. அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, இரத்தம் வடியும்வரை இருமுறை நீரை மாற்றி, துணியில் ஒற்றி எடுத்தோம். இவ்வொரு செயலைச் சீனர் மிகவும் வலியுறுத்துகிறார்கள். ஆவிச் சமையலில் வாடையை மறைக்க மசாலை இல்லாததால் கழுவுவதிலேயே அதைத் தீர்த்துவிட வேண்டும்.

பிறகு சோயாச் சாறு மூன்று கரண்டி, இடித்த இஞ்சியும் பூண்டும், மைத்துனர் தந்த கறுப்பு அவரையை அலசி நசுக்கியதில் ஒரு கரண்டி. சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டித் தூள். சீனர் இதில் அரிசி மது சேர்ப்பர். பாணனுக்கும் பன்றித் தசையோடு நறவு கிடைத்தது. நமக்கோ 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே பழைய சோற்றின் நீத்தண்ணீர் இரண்டு கரண்டி விட்டோம். புளிப்பு மட்டும் வந்தது, போதை வரவில்லை, குறையொன்றுமில்லை. இவ்வளவில் ஒரு மணி நேரம் ஊறியது.

பச்சரிசி ஓர் ஆழாக்கை, இரண்டு அன்னாசிப்பூ, ஒரு துண்டுப் பட்டை, ஒரு கரண்டி மிளகோடு சேர்த்துச் சிறுதீயில் வறுக்கவேண்டும். அன்னாசிப்பூ நம் பிரியாணியில் விழும் அதே பூ. தென்சீனத்திலும் வியட்நாமிலும் விளைவது. சிச்சுவான் மிளகு இங்கே கிடைக்காது. கொங்கணத்தார் மீன் குழம்பில் இடும் திர்பல் அதன் உறவினம் என்றாலும் அதுவும் ராஜபாளையம் வரை வருவதில்லை. நம் மிளகே போதும். அரிசி வெளுப்பு நீங்கி இளமஞ்சளாகி, பொரிக் கடை வாசனை எழும்போது இறக்கி ஆறவைத்து ரவையாக உடைத்துக்கொள்ளலாம். மையாக அரைத்தால் களியாகிவிடும். ஊறிய கறியில் இந்த ரவையைப் புரட்டி, தட்டில் பரப்பிய சீனிக்கிழங்குத் துண்டுகளின்மேல் அடுக்கி, கொப்பரையில் ஏற்றினோம்.

ஒன்றரை மணி நேரம் அவியவேண்டும். நாடாப்புழுவைப் பற்றிய அச்சம் நம் ஊரில் பலருக்கு உண்டு. அரைவேக்காட்டுப் பன்றிக்கறியால் குடலில் நாடாப்புழு வரும் என்பது உண்மை. ஆனால் மூளையில் கட்டி உண்டாக்குவது கறி அன்று. அப்புழுவின் முட்டைகள் மனித மலத்தின் வழியாகத் தண்ணீரிலும் காய்கறியிலும் கலந்து வயிற்றுக்குள் போவதே. கறியே உண்ணாதவருக்கும் அது வரலாம். ஆவியில் ஒன்றரை மணி நேரம் வெந்த துண்டில் எதுவும் உயிரோடிருக்காது.

அடுப்பில் ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். வறுத்த அரிசியும் அன்னாசிப்பூவும் கலந்த மணம் வீடெங்கும் பரவியிருந்ததே தவிர, கறி வாசம் வெளியே தெரியவில்லை. "பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது" என்று மகள் மகிழ்ந்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலைக்காகப் பின்வாசல் வழியே வந்தார். "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்னத்த அவிக்கிறீக, கொழுக்கட்டையா?" என்று கொப்பரையைப் பார்த்துக் கேட்டார். கொழுக்கட்டை என்றே சொல்லியிருக்கலாம். எங்கள் இருவர் நாவிலும் அச்சொல்தான் நின்றது.

"பன்னிக்கறி" என்றார்கள் அம்மா. "இன்னும் அரைமணி ஆகும். இருந்து சாப்பிட்டுப் போறியா?"

அக்காவின் முகம் ஒரு கணம் என்ன செய்வதென்று அறியாமல் நின்றது. பிறகு, "எனக்கு வேணாம்த்தை, பழக்கமில்ல" என்றார். கறிவேப்பிலையை உருவிக்கொண்டு இரண்டடி நடந்தவர் திரும்பினார். "அவுகளுக்கு மூலம் இருக்குல்ல... ஒரு கிண்ணத்துல வேணா குடுங்க."

அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மூடியைத் திறந்தபோது ரவை கறியின் கொழுப்பைக் குடித்து உப்பி, ஒவ்வொரு துண்டின்மேலும் பொன்னிறமான ஈரப் போர்வையாக ஒட்டியிருந்தது. எலும்பைப் பிடித்து இழுத்தால் கறி தனியே கழன்று வந்தது. காரமில்லை, மிளகின் சாயல் மட்டும். பன்றிக்கறிக்கு இயல்பில் ஓர் இனிப்பு உண்டென்பதும், நாம் அதை மிளகாயில் முக்கி அதுவரை கேட்காமலே இருந்தோம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. எல்லாவற்றினும் சிறந்தது அடியில் கிடந்த சீனிக்கிழங்கு. மேலிருந்து வடிந்த நெய்யும் சாறும் அதில் இறங்கியிருந்தன. அம்மா முதலில் எடுத்தது அதைத்தான். நான்கு துண்டு தின்றபின் ஒரு விலாவை எடுத்து, எலும்பின் முனையைக் கடித்து உறிஞ்சி, "கொடையில வைக்கிறது இத்தன மெதுவா இருக்காது" என்றார்கள். நாற்பது ஆண்டுக்குப் பிறகு அந்தக் கொடையைப் பற்றி அவர்கள் விரிவாகப் பேசினார்கள். யார் வெட்டுவார், எந்தத் துண்டு யாருக்கு, பானை உடையும் ஓசை எவ்வளவு தூரம் கேட்கும் என்பதெல்லாம். மகள் தட்டைக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டாள்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த கிண்ணம் செவ்வாய்க்கிழமை திரும்பியது. வெறுங்கிண்ணம் திருப்புவது இங்கே வழக்கமில்லை; உள்ளே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா இருந்தது. ஆனால் வழக்கம்போல் அடுப்பங்கரை வரை வந்து தரவில்லை. மதில்மேல் வைத்துவிட்டு, "த்தை, கிண்ணம் இருக்கு" என்று குரல் கொடுத்துப் போனார். அம்மா அதை எடுத்துவந்து, பால்கோவாவை எங்களுக்குப் பங்கிட்டார்கள். மீதி அரிசி ரவை புட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள். இன்னொரு கிலோவுக்குக் காணும் என்றோம்.